மிக்கேல் மாஸ்டரின் பாவசங்கீர்த்தனம்

"அந்தத் துணியை எடு," என்றார் மிக்கேல்.

லூர்துமேரி எடுக்கவில்லை. மேசையைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு, வெளுத்த வேட்டி ஒன்றை நாலாக மடித்து அதன் மேல் விரித்திருந்தாள். சுவரிலிருந்த பாடுபட்ட சுரூபச் சிலுவையைக் கழற்றி நடுவில் நிறுத்தினாள். இரண்டு பக்கமும் மெழுகுத்திரி. ஒரு கிண்ணத்தில் தீர்த்தம், ஒரு தட்டில் பஞ்சு, ஒரு தம்ளர் தண்ணீர். சாகக் கிடக்கிறவர் வீட்டுக்குச் சாமியார் வரும்போது மேசை இப்படித்தான் இருக்க வேண்டும். சாந்தோம் குப்பத்தில் பிறந்த எந்தப் பெண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

"எடுன்னு சொன்னேன்."

"சாமியாரு வராரு. தானா வராரு. நான் ஒண்ணும் கூப்டல."

மிக்கேல் கண்ணைத் திறந்தார். நெஞ்சில் நீர் கோத்து ஒரு மாதமாகிறது. நாலு தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்காரவைத்தால்தான் மூச்சு விட முடியும். அந்த நிலையிலும் புருவம் ஏறியது.

"சூசையா? தானாவா?"

"ஆமா. உன்னைப் பாக்கணும்னு சொல்லி அனுப்பிச்சாரு."

அது பொய். காலையில் நாடி பிடித்துப் பார்த்த ஹகீம் கரீமுல்லாவைக் கொல்லைக்குத் தள்ளிக்கொண்டு போய் அவள் சொல்லியனுப்பியதும் பொய். "மாஸ்டரு உங்களக் கூப்புடுறாருன்னு சாமியார்கிட்ட போய்ச் சொல்லுங்க பாய். அவரு வாயாலயே கேட்டாருன்னு சொல்லுங்க." ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்கிற ஊரில் ஒரு சாவுக்கு ரெண்டு பொய் சொல்லக்கூடாதா? மீனுக்கு இரண்டு பக்கமும் உப்புத் தடவுவதுபோல இரு பக்கமும் தடவிவிட்டாள். நாறாமல் இருந்தால் சரி.

ஏன் இந்தப் பாடு என்று கேட்டால், கல்லறைத் தோட்டத்துச் சுவரைச் சொல்ல வேண்டும். உயிர்ப்புத் திருநாளை ஒட்டிய பாஸ்கு காலத்தில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணையான நன்மை வாங்காதவன், மனம் திரும்பாமல் செத்தால், சுவருக்கு உள்ளே குழி கிடையாது. படகுக்காரச் சவரி அப்படித்தான் போனான். சுவருக்கு வெளியே வெறும் மணலில் புதைத்தார்கள். மணி அடிக்கவில்லை. ராத்திரி நாய் தோண்டுகிறதென்று அவன் பெண்டாட்டி குழிமேல் முள்ளை வெட்டிப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தாள். மிக்கேல் பாவசங்கீர்த்தனம் செய்து பத்து வருஷம் ஆகிறது.

சுவருக்கு உள்ளே, கிழக்கு ஓரத்தில், இன்னாசி படுத்திருக்கிறான். அவர்களுடைய மூன்று வயதுப் பிள்ளை. வாந்திபேதியில் ஒரே பகலில் போனவன். அவன் பக்கத்தில் ஒரு ஆள் படுக்கிற இடத்தை லூர்துமேரி இத்தனை வருஷமும் புல் பிடுங்கிச் சுத்தமாக வைத்திருக்கிறாள். தகப்பன் அங்கேதான் படுக்க வேண்டும். அந்தப் பிள்ளை இத்தனை காலம் தனியாகக் கிடந்தது போதும். இதற்காக அவள் ரெண்டு பொய்யென்ன, ரெண்டு கூடைப் பொய் சொல்வாள்.

மிக்கேலுக்கும் சாமியாருக்கும் சண்டை எதற்கு என்று யாராவது கேட்டால் அவளுக்கு வெட்கமாக இருக்கும். சொத்துச் சண்டை என்றால் சொல்லலாம். பெண் சண்டை என்றால்கூடக் காதோடு சொல்லலாம். சொல்லுக்கு முன்னால் ஒட்டுகிற துண்டுக்காகச் சண்டை போட்டுக்கொண்டு இரண்டு பெரிய மனிதர்கள் பத்து வருஷம் முகம் பார்க்கவில்லை என்றால் எந்தப் பைத்தியக்காரி நம்புவாள்?

மிக்கேலும் சூசைநாதரும் ஒரே குருமடத்தில், ஒரே பெஞ்சில் லத்தீனும் கிரேக்கும் படித்தவர்கள். சூசைநாதர் சாமியாரானார். மிக்கேல், கடைசி வருஷத்துத் திருநாளில் மீன்கூடையோடு நின்ற லூர்துமேரியைப் பார்த்துவிட்டு அங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்துவிட்டார். ஊரே காறித் துப்பியபோது, "அவன் அவளுக்காகவே பொறந்தவன்" என்று சொல்லித் தாலியை ஆசீர்வதித்துக் கொடுத்தவர் சூசைநாதர்தான். இன்னாசிக்குத் தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றியவரும் அவர்தான். மண் போட்டவரும் அவர்தான். பங்குப் பள்ளிக்கூடத்தில் மிக்கேலை லத்தீன் மாஸ்டராக வைத்ததும் அவர்தான்.

அந்தப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் வந்தது வினை. மேடையில் வெளியூர்ச் சாமியார்களும் பெரிய மனிதர்களும் உட்கார்ந்திருக்க, சூசைநாதர் பேசினார். லத்தீன் தன் முன்னொட்டுகளையெல்லாம் கிரேக்கிடமிருந்து வாங்கிக்கொண்டது என்றார். கிரேக்கன் பாதிக்கு 'ஹெமி' என்றான், லத்தீன்காரன் அதை வாங்கி 'செமி' ஆக்கினான். அவன் மேலே என்பதற்கு 'ஹுப்பெர்' என்றான், இவன் 'சுப்பெர்' ஆக்கினான். அவன் கீழே என்பதற்கு 'ஹுப்போ' என்றான், இவன் 'சுப்' ஆக்கினான். மகள் தாயிடம் நகை வாங்கிப் போட்டுக்கொள்வதுபோல, என்று முடித்தார். கைதட்டினார்கள்.

பின் பெஞ்சிலிருந்து மிக்கேல் எழுந்து "தப்பு" என்றார்.

அதோடு உட்கார்ந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? உட்காரவில்லை. யாரும் யாரிடமும் வாங்கவில்லை, தாயும் மகளும் இல்லை, அக்காளும் தங்கச்சியும் என்றார். இரண்டு பாஷைக்கும் தாய் ஒருத்தி, அவள் செத்துப்போய்விட்டாள். தாய் சொல்லின் முன்னால் 'ஸ' இருந்தது. லத்தீன்காரன் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறான், கிரேக்கன் அதைத் தின்றுவிட்டு வெறும் மூச்சை மட்டும் மிச்சம் வைத்தான். பாதி, மேலே, கீழே, இங்கே 'செப்தெம்' அங்கே 'ஹெப்தா' என்கிற ஏழு, எல்லாவற்றிலும் அப்படித்தான். "இது தெரியாமல் மேடையேறுவது லத்தீனுக்கு அவமானம்," என்று முடித்தார். அந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் வேலை போனது.

அப்புறம் சூசைநாதர் பிரசங்கத்தில் அகங்காரத்தைப் பற்றி மூன்று ஞாயிறு பேசினார். மிக்கேல் நாலாவது ஞாயிறிலிருந்து கோவிலுக்குப் போகவில்லை. விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் என்பார்களே, அது இவர்களைப் பார்த்துச் சொன்னதுதான். லூர்துமேரி மறுபடி கூடையைத் தலைக்கு ஏற்றி லஸ் பக்கம் மீன் விற்கப் போனாள். மிக்கேல் மாம்பலத்துப் பக்கம் புதிதாக எழும்புகிற பங்களாக்களில் வக்கீல் பிள்ளைகளுக்கு டியூஷன் சொன்னார். மீதி நேரம் அடையாற்றுச் சபையின் புத்தகசாலை. சாமியார்கள் போகாதே என்று சொன்ன இடம், அதனாலேயே வாரம் தவறாமல் போனார்.

அவர் கெட்டவரில்லை. ஒரு நாள் சோறு போடும்போது, "'ஆன்ட்டே' என்றால் லத்தீனில் முன்னால், 'ஆன்ட்டி' என்றால் கிரேக்கில் எதிர்த்து. ரெண்டும் ஒரே வயித்துப் பிள்ளை, எப்படிப் பாரு," என்று ஆச்சரியப்பட்டார். "இதுல இன்னா கீது? எதிர் வூட்டுக்காரின்னு சொல்றோம், அவ இன்னா எனக்கு எதிரியா? முன்னால கீறா, அவ்ளோதான்," என்றாள் இவள். பிசைந்த கையோடு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் பூராவும் பார்க்கிறவனிடமெல்லாம் "என் சம்சாரம் சொன்னது" என்று சொல்லித் திரிந்தார். இப்படியும் ஒரு மனிதன்.

வாசலில் செருப்புச் சத்தம். கரீமுல்லா மூச்சு வாங்க உள்ளே வந்தார். அடுத்த தெருவில் யூனானி மருந்துக் கடை வைத்திருப்பவர். மிக்கேலோடு சதுரங்கம் ஆட உட்கார்ந்து ஆட்டத்தை மறந்து பேசிக்கொண்டிருப்பவர்.

"வராரு தங்கச்சி," என்றார் மெதுவாக. "ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. 'அவன் வாயாலயே கேட்டானா?' ஆமான்னேன். அல்லா என்னை மன்னிக்கட்டும்."

"மன்னிப்பாரு. நாடியப் பாருங்க."

கரீமுல்லா கட்டிலோரம் குனிந்து மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தார். வைத்தபடியே சுவரைப் பார்த்தார். கண்ணை மூடியிருந்த மிக்கேல், "சொல்லு ஹகீம். லூர்து அழமாட்டா," என்றார்.

"காலைல புழு மாதிரி இருந்திச்சு. இப்ப எறும்பு ஊருது மாஸ்டர்."

"எறும்புக்கு அப்புறம் என்ன?"

"எறும்புக்கு அப்புறம் எங்க கிதாப்ல ஒண்ணும் எழுதல."

மிக்கேல் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நீண்டு, உதடு நீலமாகிவிட்டது. லூர்துமேரி முதுகைத் தாங்கிப் பிடித்தாள். ஐயோ, இப்பவே வேண்டாம், கொஞ்சம் பொறு, என்று அவள் மனது அடித்துக்கொண்டது. வெயில் இன்னும் உச்சிக்கு வரவில்லை. உச்சி தாங்காது என்று கரீமுல்லாவின் முகம் சொன்னது.

அப்போது தெருக்கோடியில் கைமணி கேட்டது.

லூர்துமேரி வாசலுக்கு ஓடினாள். கோவில்பிள்ளை மணியை ஆட்டிக்கொண்டு முன்னால் வந்தான். பின்னால் சூசைநாதர், வெள்ளை மேலங்கி, மார்போடு அணைத்த பட்டுப் பை. அதில் தேவநற்கருணை இருக்கிறது. தெருவில் மீன்காரிகள் கூடையை இறக்கி வைத்துவிட்டு மண்ணில் முழங்கால் போட்டார்கள். நற்கருணையைச் சுமந்து வருகிறவர் வழியில் யாரோடும் பேசக்கூடாது. அதனால் அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. அவர் கழுத்தில் கிடந்த பட்டையைத்தான் அவள் பார்த்தாள். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் ஊதா. பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது ஊதாவைத் திருப்பிப் போடுவார்கள். அது முடிந்து நன்மை கொடுக்கும்போது வெள்ளை. முடியாமல் போனால் வெள்ளைக்கு வேலையில்லை. பையை மூடி, வந்த வழியே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

சூசைநாதர் உள்ளே வந்து பையை மேசைமேல் வைத்து முழங்காலிட்டு எழுந்தார். தீர்த்தம் தெளித்தார். கட்டிலைப் பார்த்தார். மிக்கேல் அவரைப் பார்த்தார். பத்து வருஷத்தில் ஒருவருக்குத் தலை நரைத்திருந்தது, இன்னொருவருக்கு உடம்பே கரைந்திருந்தது. 'நீ கூப்பிட்டாயாமே' என்று இவரோ, 'நீ வந்தாயாமே' என்று அவரோ ஒரு வார்த்தை கேட்டால் போச்சு.

"எல்லாரும் வெளிய இருங்க," என்றார் சூசைநாதர். பட்டையைக் கழற்றி, ஊதாப் பக்கத்தைத் திருப்பி, முத்தமிட்டுப் போட்டுக்கொண்டார்.

அவளே கதவைச் சாத்தினாள். பாவசங்கீர்த்தனம் நடக்கும்போது வீட்டார் வாசலுக்குப் போய்விட வேண்டும். காது கேட்கிற தூரத்தில் நிற்பதே பாவம். கோவில்பிள்ளை மணியை மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான். கரீமுல்லா அவனுக்கு இந்தப் பக்கம் நின்றார். லூர்துமேரி வாசல்வரை போனாள், நின்றாள், திரும்பி வந்து கதவில் காதை வைத்தாள். வருகிற நரகம் வரட்டும்.

முதலில் முணுமுணுப்பு. பிறகு மிக்கேலின் குரல், மூச்சு மூச்சாக.

"சுப்பெர்... ஹுப்பெர்..."

அவள் காதை இன்னும் அழுத்தி வைத்தாள்.

"அது எதுக்கு இப்போ?" என்றது சாமியாரின் குரல்.

"அதுதான். அதைத்தான் முதல்ல சொல்லணும். உபரி... சூசை, உபரின்னு ஒரு சொல்லு..."

லூர்துமேரி கதவிலிருந்து நகர்ந்து வாசலைப் பார்த்தாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "பாய், கேட்டீங்களா? நாடி எறும்பு ஊருதுன்றீங்க, இவுரு உபரின்றாரு. மறுபடியும் ஆரம்பிச்சிட்டாரு."

கரீமுல்லா நிமிர்ந்தார். "உபரின்னு யாரு சொன்னது? மாஸ்டரா? சாமியாரா? இரு தங்கச்சி, இரு..."

அவள் இருக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"போதும், நிறுத்துங்க ரெண்டு பேரும்," என்றாள். லஸ் முனையில் மீன் கூவி விற்ற குரல். வீட்டுக்குள் அந்தக் குரலை அவள் எடுத்ததேயில்லை. "சாவுற நேரத்துலயும் இதானா? எம்புள்ள அங்க தனியா கெடக்கறான். அவன் பக்கத்துல இவரப் படுக்க வெக்கணும், அவ்ளோதான் நான் கேக்கறது. சாமி, இவரு உங்களக் கூப்டல. நான்தான் பொய் சொல்லி அனுப்பினேன். இந்தாய்யா, அவரும் தானா வரல. அதுவும் பொய்தான். எம்மேல போடுங்க அந்தப் பாவத்த. எந்த எழுத்து முன்னால இருந்தா உங்களுக்கு இன்னா? யாரு பெருசுன்னு மேல போய்ப் பேசிக்கோங்க. இப்ப மன்னிப்பக் கேளுய்யா. நீங்க குடுங்க சாமி."

சொல்லி முடித்த பிறகுதான் கண் எதிரில் இருப்பது தெரிந்தது. சூசைநாதர் கட்டிலுக்குப் பக்கவாட்டில், முகத்தைத் திருப்பி, ஒரு கையால் நெற்றியை மறைத்து உட்கார்ந்திருந்தார். கோவிலில் பாவசங்கீர்த்தனக் கூண்டில் உட்காருகிற அதே மாதிரி. ஊதாப் பட்டை கழுத்தில் இருந்தது. அதன் ஒரு முனையை மிக்கேல் கையில் பிடித்திருந்தார். மிக்கேலின் கன்னம் நனைந்திருந்தது.

சூசைநாதர் நெற்றியிலிருந்து கையை எடுக்காமலே பேசினார்.

"லூர்து. வெளிய போம்மா. உன் காதுல எது விழுந்திருந்தாலும் விழலன்னு வெச்சுக்கோ. யார்கிட்டயும் சொல்லக்கூடாது. சாகிற வரைக்கும்."

அவள் பின்வாங்கினாள். கதவு சாத்திக்கொண்டது. இந்தத் தடவை வாசல்வரை போய்ப் படியில் உட்கார்ந்தாள்.

கரீமுல்லா பக்கத்துப் படியில் உட்கார்ந்தார்.

"மாஸ்டருதானே உபரின்னாரு?"

"ஆமா."

"தங்கச்சி, அது சண்ட இல்ல. மாட வீதில சுவாமிநாத சாஸ்திரின்னு ஒருத்தர்கிட்ட மாஸ்டரு போவாரே, அவரு காட்டின சொல்லு அது. சமஸ்கிருதத்துல ஏழுக்கு சப்த. அதுல 'ஸ' கீது. மாஸ்டரு சொன்னது சரி. ஆனா மேலன்றதுக்கு உபரி. அதுல முன்னால 'ஸ' இல்ல. தாய்கிட்டயே இல்ல. லத்தீன்காரன் தானா ஒட்டிக்கினான். அந்த ஒண்ணுல மாஸ்டரு மேடைல சொன்னது தப்பு. நாலு வருஷமாத் தெரியும் அவருக்கு. 'போய்ச் சொல்லிடு மாஸ்டர், ஒரு சொல்லுதானே, சிநேகிதம் திரும்பிடும்'னேன். 'அவன்கிட்டயா, செத்தாலும் மாட்டேன்'னாரு."

லூர்துமேரி கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னைத் தவிர வேற யார்கிட்டயும் மாஸ்டரு இத சொன்னதில்ல," என்றார் கரீமுல்லா.

அப்படியானால் அதுதான் பாவசங்கீர்த்தனம். பத்து வருஷ வீம்பையும் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து சாமியார் காலடியில் போட அந்த மனிதனுக்குக் கிடைத்த ஒரே நுனி அந்தச் சொல்தான். அதைத்தான் முதல்ல சொல்லணும் என்றாரே. அவர் முதல் பாவத்தை வாயிலெடுத்த நேரத்தில் இவள் போய்க் கதவை உடைத்திருக்கிறாள். போதாததற்கு, நீ கூப்பிடவில்லை, அவர் வரவில்லை என்று இரண்டு பேருக்கும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். ஆறின புண்ணில் கோல் விட்டுக் கிளறுவதென்றால் இதுதான். இப்போது அவர் வாயை மூடிக்கொண்டால்? மூச்சு அதற்குள் நின்றுவிட்டால்?

"பாய், நான் உங்ககிட்ட சொல்லியிருக்கக்கூடாது. காதுல விழுந்தத வெளிய சொன்னா..."

"எனக்கு வயசாச்சு தங்கச்சி. காது கேக்கல," என்றார் கரீமுல்லா.

உள்ளே சத்தமில்லை. முணுமுணுப்புகூட இல்லை. வேப்பமரத்து நிழல் சுருங்கி மரத்தடிக்குப் போனது. கோவில்பிள்ளை மணியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினான். மாதாவே, அவர் பாதி சொல்லியிருந்தாலும் முழுசாக எடுத்துக்கொள், என்று வேண்டினாள். பாதி என்றதும் செமி, ஹெமி என்று தன்னால் நாக்கில் வந்தது. இத்தனை வருஷம் சோறு போட்டபடி கேட்டதற்கு அதுதான் மிச்சம். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு தடவை கட்டில் கிரீச்சிட்டது. ஒரு இருமல். அப்புறம் அதுவும் இல்லை. இருமல்கூட இல்லாமல் போனதும் அவளுக்குப் பயம் தலைக்கேறிவிட்டது. எழுந்தாள். கதவை நோக்கி ஓரடி வைத்தாள், நின்றாள். மறுபடி உடைத்தால் இந்தத் தடவை அவளுக்கே மன்னிப்பு இல்லை. செத்திருந்தால் சாமியார் சொல்லமாட்டாரா? என்ன நடந்தது என்று சொல்வாரோ மாட்டாரோ. கழுத்துப் பட்டை சொல்லிவிடும். பட்டை இல்லாமல் வந்தால் ஒன்றும் நடக்கவில்லை. ஊதாவோடு வந்தால் பாதியில் மூச்சு நின்றுவிட்டது.

கதவு திறந்தது.

வாசலின் வெயிலிலிருந்து பார்த்ததில் உள்ளிருட்டில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அவர் மார்பில் நீளமாக இரண்டு கோடு தெரிந்தது. வெள்ளை.

"உள்ள வாங்க. திரியைக் கொளுத்துங்க. நன்மை வாங்கப் போறான்," என்றார் சூசைநாதர்.

லூர்துமேரி தீக்குச்சியைக் கிழித்தாள். இரண்டு திரியையும் ஏற்றினாள். கரீமுல்லா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்து நின்றார். கோவில்பிள்ளை மணியடித்தான். மிக்கேல் நாக்கை நீட்டி நன்மை வாங்கினார். விழுங்க முடியாமல் தவித்தபோது அவள் தம்ளர் தண்ணீரிலிருந்து ஒரு கரண்டி கொடுத்தாள். இறங்கியது. பிறகு சூசைநாதர் பட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, சாகிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெயை எடுத்து அவஸ்தை பூசினார். கண்ணில், காதில், மூக்கில், உதட்டில், கையில், காலில். உதட்டில் பூசும்போது மட்டும் எண்ணெய் விரல் கொஞ்சம் அதிக நேரம் நின்றது.

முடிந்ததும் அவர் வாசலுக்கு வந்தார். லூர்துமேரி பின்னாலேயே வந்து கையைப் பிசைந்தாள்.

"சாமி, நான் பொய் சொன்னது..."

"சனிக்கிழமை கோவிலுக்கு வந்து சொல்லு. அங்கதான் கேப்பேன்," என்றார். செருப்பில் காலை நுழைத்துக்கொண்டே, "அவன் கூப்பிடலன்னு எனக்குத் தெரியும்மா. கூப்பிட்டிருந்தா லத்தீன்ல திட்டித்தான் கூப்பிட்டிருப்பான்," என்றார்.

தெரிந்தேதான் வந்தாரா?

படி இறங்கியவர் கரீமுல்லாவின் முன்னால் நின்றார். "ஹகீம் சாயபு, ஏழுக்கு உங்க பார்சியில என்ன?"

"ஹஃப்த்."

"ஹஃப்த்," என்று சாமியார் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "இங்க சப்த, அங்க ஹஃப்த். அப்போ அதுவும் அக்கா தங்கச்சிதான்." அதை அவர் கரீமுல்லாவிடம் சொன்னதாகத் தெரியவில்லை. பையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்தார்.

உள்ளே மிக்கேல் விழித்திருந்தார். மூச்சு இப்போது மேலே மேலே மட்டும் இருந்தது.

"எவ்ளோ சத்தம் போட்டே," என்றார்.

"குப்பத்துக்காரிதானே."

"ஆமா." கொஞ்சம் காற்றைச் சேர்த்துக்கொண்டார். அவள் கட்டிலோரம் உட்காரப் போனாள். அவர் விரலை அசைத்தார். "பக்கத்துல இல்ல. எதிர்ல உக்காரு."

அவள் முக்காலியை இழுத்து, அவர் காலடிக்கு அந்தப் பக்கம், அவர் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிக்கேலின் மூச்சு ஒருமுறை உள்ளே போயிற்று, வந்தது. அடுத்த முறை வெளியே வந்தது, திரும்ப உள்ளே போகவில்லை. கரீமுல்லா வந்து மூன்று விரலை வைத்துப் பார்க்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கோவிலில் துக்கமணி அடிக்க ஆரம்பித்தது. தெருவில் மீன்காரி ஒருத்தி, "வாத்தியாருக்கா? மணி அடிக்கறாங்களா?" என்று கேட்டாள். அப்போதுதான் லூர்துமேரி வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் காலையில் எடுத்தார்கள். சுவருக்கு உள்ளே, கிழக்கு ஓரம். கடல்மணல் பூமி. குழி வெட்டும்போது ஓரம் சரிந்துகொண்டே இருந்ததால் இன்னாசியின் மரக் குருசைப் பிடுங்கிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். பெட்டியை இறக்கினார்கள். சூசைநாதர் லத்தீனில் ஜெபம் சொன்னார். நடுவில் ஒரு இடத்தில் குரல் தடுக்கி, அதே வரியை முதலிலிருந்து சொன்னார். மண் போட்டு மூடிய பிறகு சிறிய மேடும் பெரிய மேடும் ஒன்றோடொன்று கலந்து ஒரே மணலாகக் கிடந்தன. எது எங்கே முடிகிறதென்று தெரியவில்லை.

கூட்டம் கலைய ஆரம்பித்தது. சூசைநாதர் சுவரோரம் போய் அந்தச் சின்னக் குருசைத் தூக்கிக்கொண்டு வந்தார். அங்கி மணலில் புரளக் குனிந்தவர், எங்கே நடுவதென்று தெரியாமல் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

லூர்துமேரி விரலால் காட்டினாள்.